நெடுநாள் நின்ற மோட்டார் சைக்கிள்



தோட்டத்தில் வாழும் குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அன்று. விடியுமுன் பிரட்டுக்களத்திற்குப் போகவும், பிள்ளையை இடைநிலைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடவும், காய்ச்சலில் கிடக்கும் பாட்டியைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லவும் அதுவே துணை. பெருஞ்சாலைக்குப் போக நான்கு கல் செம்மண் பாதையைக் கடக்க வேண்டிய வீட்டில், வண்டி ஓடவில்லை என்றால் அன்றைய கூலியே போய்விடுகிறது.

அப்படிப்பட்ட வண்டி சில சமயம் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறது. வீட்டுக்காரர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார். கையில் அடிபட்டுப் படுத்திருப்பார். அல்லது மூத்த மகன் புதிய வண்டி வாங்கியதும் பழையது கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒதுங்கியிருக்கும். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது எத்தனையோ வீட்டு வாசல்களில் வண்டிகள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. ஓடுகிற வண்டிதான் தேயும், நிற்கிற வண்டிக்கு என்ன கேடு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில், நிற்கிற வண்டியும் கெடுகிறது, ஓசையில்லாமல் கெடுகிறது.

பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலம் முழுவதும் வண்டியை மூடி வைத்து, வசந்தம் வந்ததும் வெளியே எடுப்பார்கள். அதற்கென்று ஒரு முறையே வைத்திருக்கிறார்கள். நமக்குக் குளிர்காலம் இல்லை. ஆனால் நம் நாட்டு வெப்பமும் ஈரமும் சேர்ந்து, அங்கே பனிக்காலம் செய்கிற வேலையை இங்கே இன்னும் விரைவாகச் செய்துவிடுகின்றன. ஆகவே நின்ற வண்டியை எழுப்பும் முறை நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் சிறிய கப்சாய் வண்டியை வைத்தே இன்று பேசுகிறேன். 1958ஆம் ஆண்டு ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கப் என்ற வண்டியின் வழிவந்தவை இவை. எளிய அமைப்பு உடையவை. பொறுமையுள்ளவர் கைக்கு அடங்குபவை.

முதலில் ஓர் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். எஞ்சின் ஓட மூன்று பொருள்கள் வேண்டும்: நல்ல பெட்ரோல், தூய காற்று, தக்க நேரத்தில் ஒரு நெருப்புப் பொறி. நம் வீட்டு அடுப்புக்கும் இவைதாமே வேண்டும்? விறகு ஈரமாக இருந்தாலும் எரியாது. ஊதுவதற்குக் காற்று இல்லாவிட்டாலும் எரியாது. தீக்குச்சி நமுத்துப் போனாலும் எரியாது. நின்ற வண்டியில் இந்த மூன்றில் ஒன்று கெட்டிருக்கும். எது என்று தேடுவதுதான் நம் வேலை. கண்ணை மூடிக்கொண்டு நூறு முறை மிதிப்பதால் காலும் செருப்பும் தேயுமே தவிர வண்டி கிளம்பாது.

நிற்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பெட்ரோல் ஒரே பொருள் அன்று. பல எண்ணெய்களின் கலவை. அவற்றுள் எளிதில் தீப்பற்றும் மெல்லிய பகுதி முதலில் ஆவியாகிப் போய்விடும். எஞ்சியது காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாக மாறும். நல்ல பெட்ரோலின் வாசனை உங்களுக்குத் தெரியும். கெட்ட பெட்ரோல் பழைய வார்னிஷ் போல நாறும், நிறமும் கறுத்திருக்கும். கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. அதில் நிற்கும் பெட்ரோல் மிகக் கொஞ்சம். ஆகையால் அதுதான் முதலில் கெடும். அந்தக் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் ஜெட் என்னும் பித்தளைத் துண்டின் துளை ஊசிமுனை போல நுண்ணியது. அந்தத் துளையில் பிசின் அடைத்தால் எஞ்சின் உயிர் பெறாது. பெரிய பழுது என்று நாம் அஞ்சுவது பல வேளைகளில் இந்த ஊசித்துளை அடைப்புத்தான்.

அடுத்தது தண்ணீர். பாதி காலியான டாங்கியில் மீதிப் பாதி காற்று. இரவில் உலோகம் குளிரும்போது காற்றிலுள்ள ஈரம் துளித்துளியாக உள்ளே படியும். காலையில் தகரக் கூரையின் அடிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுபோலத்தான். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஆதலால் அடியில் தங்கி, டாங்கியை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும்.

மூன்றாவது பேட்டரி. யாரும் தொடாவிட்டாலும் அதிலுள்ள மின்சாரம் நாளுக்கு நாள் குறையும். வெப்பத்தில் இன்னும் விரைவாகக் குறையும். வெறுமையான பேட்டரியை அப்படியே விட்டுவிட்டால், உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளின்மேல் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு மின்சாரம் ஏற்றினாலும் அது பிடித்துக்கொள்ளாது.

நான்காவது எஞ்சினின் உட்புறம். வண்டி ஓடும்போது கறுப்பு எண்ணெய் எங்கும் தெறித்து எல்லாவற்றையும் நனைக்கும். நின்றுவிட்டால் எண்ணெய் முழுதும் அடியில் இறங்கிவிடும். பிஸ்டன் ஓடும் சுவர் காய்ந்து, மெல்லிய துரு பிடிக்கத் தொடங்கும். இதை அறியாமல் ஒரேயடியாக மிதித்துக் கிளப்பினால், காய்ந்த இரும்பு இரும்போடு உரசிக் கீறிவிடும்.

இனி, வண்டியை எழுப்பும் முறைக்கு வருவோம். வரிசையை மாற்றாமல் செய்வது நல்லது.

முதல் வேலை வண்டியை வெளிச்சமான, காற்றோட்டமான வெளியிடத்திற்குத் தள்ளிக்கொண்டு வருவது. கையை விடுமுன் கண்ணை விடுங்கள். இருக்கைக்கு அடியில் பூரானும் தேளும் குடியிருக்கலாம். ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். புகைக்குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். புகை வெளியே போக வழியில்லை என்றால் எஞ்சின் ஓடாது. காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தால் எலி பஞ்சும் சருகும் சேர்த்து மெத்தை போட்டிருக்கலாம். எலி மின்கம்பிகளையும் கடித்திருக்கும். கம்பியின் மேலுறை போயிருந்தால், அதைச் சரிசெய்யாமல் சாவியைத் திருப்ப வேண்டாம்.

இரண்டாவது, கையால் முறுக்கும் வேகப்பிடி. முறுக்கி விட்டால் அது தானே சட்டென்று பழைய இடத்திற்குத் திரும்ப வேண்டும். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து மாட்டிக்கொண்டால், எஞ்சின் கிளம்பிய மறுகணமே உச்ச வேகத்தில் உறுமும். வண்டி உங்கள் கையை மீறிப் பாயும். இதைச் சோதிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. சோதிக்காவிட்டால் உயிருக்கே கேடு.

மூன்றாவது, பழைய பெட்ரோலை இறக்குவது. ஒரு மாதத்திற்குள் நின்ற வண்டிக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. மூன்று மாதத்தைத் தாண்டினால் கார்புரேட்டர் கிண்ணத்தையாவது காலி செய்யுங்கள்; அதன் அடியில் அதற்கென்றே ஒரு திருகாணி இருக்கிறது. ஆறு மாதத்தைத் தாண்டினால் டாங்கியையும் காலி செய்து, புதிய பெட்ரோல் ஒரு லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். டாங்கி வாயில் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். உள்ளே செந்துரு செதில் செதிலாக இருந்தால், எத்தனை முறை ஜெட்டைச் சுத்தம் செய்தாலும் மறுபடி அடைத்துக்கொள்ளும். டாங்கியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் தாய்மார்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது புகைபோல மேலே போகாது. தண்ணீர்போலத் தரையோடு தவழ்ந்து போகும். வாசலில் இறக்கிய பெட்ரோலின் ஆவி, கதவிடுக்கு வழியாகச் சமையலறை அடுப்பையோ, சாமி விளக்கையோ, கொசுவர்த்திச் சுருளையோ தொட்டால் நெருப்பு அதே வழியாகத் திரும்பி ஓடி வரும். ஆகவே இந்த வேலையை வீட்டைவிட்டுத் தள்ளிச் செய்யுங்கள். சிகரெட்டும் வேண்டாம், சின்னப் பிள்ளைகளும் அருகில் வேண்டாம்.

ரப்பர் குழாயை டாங்கிக்குள் விட்டு வாயால் உறிஞ்சும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. தயவு செய்து அதை விட்டுவிடுங்கள். ஒரு வாய் பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் கடுமையான நுரையீரல் அழற்சி உண்டாகி ஆளையே கொன்றுவிடலாம். இறக்கிய பெட்ரோலைச் சர்பத் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றி வைக்கவும் கூடாது. தாகத்தோடு ஓடி வரும் பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாந்தியோடு வரும் பெட்ரோல் நுரையீரலுக்குள் புகுந்துவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நான்காவது, கறுப்பு எண்ணெய். அளவுக்கோலை வெளியே எடுத்துப் பாருங்கள். எண்ணெய் கறுப்பாக இருந்தால் அது பழைய எண்ணெய் என்று பொருள். தே தாரிக் நிறத்தில் நுரைத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் இதைக் காணலாம். 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிழக்குக் கரையிலும், 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரிலும் வந்த பெருவெள்ளங்களில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். வெள்ளம் புகுந்த வண்டியை ஒரு முறைகூட மிதித்துப் பார்க்காமல் பட்டறைக்குத் தள்ளிச் செல்வதே அறிவுடைமை. வெறுமனே நின்ற வண்டிக்கு, ஓராண்டு ஆகிவிட்டால் எண்ணெயை மாற்றிவிட்டே கிளப்புங்கள். இத்தகைய சிறு வண்டிகளுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகவே தேவைப்படும். அந்தச் செலவைப் பார்த்துத் தயங்கினால் பிஸ்டனுக்கு அதைப் பல மடங்காகச் செலவழிக்க நேரிடும்.

ஐந்தாவது, பிளக்கைக் கழற்றுவது. அதைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். அந்தத் துளை வழியாகச் சுத்தமான எஞ்சின் எண்ணெய் ஒரு தேக்கரண்டி அளவு விடுங்கள். அரைமணி நேரம் ஊறட்டும். பிறகு சாவியைத் திருப்பாமல், துளையின்மேல் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு, கையாலேயே மிதிகட்டையை மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை அழுத்துங்கள். காய்ந்திருந்த சுவர் மறுபடி எண்ணெய் பூசிக்கொள்ளும். மிதிகட்டை அசையவே இல்லை என்றால் அதன்மேல் ஏறி நின்று குதிக்காதீர்கள். உள்ளே பிஸ்டன் பிடித்துக்கொண்டிருக்கிறது. வலுவைக் காட்டினால் ஒடிவது உள்ளே இருக்கும் பல்சக்கரம். அதைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

ஆறாவது, பேட்டரி. கழற்றும்போது முதலில் கழித்தல் குறியுள்ள கம்பி. மாட்டும்போது முதலில் கூட்டல் குறியுள்ள கம்பி. இந்த வரிசையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கணக்குப் பாடம்போல மனத்தில் நிற்கும். முழுதாக ஏறிய 12 வோல்ட் பேட்டரி, அளந்து பார்த்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் வெறுமை என்று கொள்ளலாம். மோட்டார் சைக்கிள் பேட்டரி சிறியது. லாரிக்கு ஏற்றுவதுபோல வேகமாக மின்சாரம் ஏற்றினால் சூடேறிக் கெட்டுவிடும். அரை ஆம்பியர் அளவில் மெதுவாக ஏற்ற வேண்டும். அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக்கூடியது. ஆகவே காற்றோட்டம் வேண்டும். மூடி திறக்கும் வகைப் பேட்டரியில் நீர் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். குழாய் நீர் ஆகாது.

ஏழாவது, பிரேக்கும் டயரும். பலர் இதைக் கடைசிக்கு விடுகிறார்கள். சிலர் மறந்தே போகிறார்கள். கிளம்பாத வண்டி யாரையும் கொன்றதில்லை. நிற்காத வண்டிதான் கொல்லும். பிரேக்கை மிதித்து விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்; தாராளமாகச் சுற்ற வேண்டும். மிதித்தால் இறுகிப் பிடிக்க வேண்டும். தட்டுப் பிரேக் உள்ள வண்டியில், பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். டயருக்குக் காற்றடித்துவிட்டுப் பக்கச் சுவரைப் பாருங்கள். வரப்புபோல வெடிப்புகள் இருந்தால், மேலே பட்டன்கள் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அந்த டயர் ஆகாது. டயரின் வயதை அதுவே சொல்லும். பக்கத்தில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். செயினை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். நடுவில் பிடித்து ஆட்டினால் ஏறத்தாழ ஓர் அங்குலம் ஆட வேண்டும்.

இப்போது கிளப்பலாம். பிளக்கைச் சுத்தம் செய்து, அல்லது புதியது வாங்கி, மாட்டுங்கள். பெட்ரோல் வால்வைத் திறந்து ஒரு நிமிடம் பொறுங்கள்; கிண்ணம் நிரம்பட்டும். சோக்கை இழுத்துவிட்டு மிதியுங்கள். ஐந்தாறு மிதியில் கிளம்பவில்லையா? நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அந்தப் பிளக்கே சாட்சி சொல்லும். பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. வால்வு, குழாய், ஜெட் ஆகியவற்றில் அடைப்பு. பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. அல்லது பெட்ரோல் மிகுந்துவிட்டது. அதைத் துடைத்து மாட்டி, சோக்கைத் தள்ளிவிட்டு, வேகப்பிடியை முழுதும் திறந்துகொண்டு மிதித்துப் பாருங்கள். கிளம்பியதும் பிடியை விட்டுவிடுங்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு தாயார், கணவர் விட்டுச்சென்ற வண்டியை ஓராண்டுக்குமேல் சும்மா வைத்திருந்தார். பட்டறைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்று சொல்லி, அவரது அரைமாதச் சம்பளத்தைக் கேட்டார். பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடலாம் என்று அந்த அம்மாள் முடிவு செய்திருந்த வேளையில், படிவம் நான்கில் படிக்கும் மகன் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், உலர்ந்திருந்தது. பெட்ரோலை மாற்றினான். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை மெல்லிய செம்புக் கம்பி இழையால் குத்தி ஊதினான். மாலைக்குள் வண்டி கிளம்பியது. எல்லாப் பழுதும் இப்படித் தீரும் என்று நான் சொல்லவில்லை. பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுபவர்கள் என்றும் சொல்லவில்லை. நேர்மையானவர்கள் மிகப் பலர். ஆனால் பிளக் உலர்ந்திருந்தது என்று சொல்லத் தெரிந்தவரிடம், எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அறிவுதான் ஏழையின் பணத்துக்குப் பூட்டு.

வண்டி கிளம்பியதும் மகிழ்ச்சியில் பிடியை முறுக்கி உறுமவிடாதீர்கள். நாம் விட்ட எண்ணெய் எரிவதால் சிறிது நேரம் வெண்புகை வரும், பிறகு நின்றுவிடும். தொடர்ந்து வந்தால் காட்டிச் சரிசெய்ய வேண்டும். மழை பெய்கிறதே என்று வண்டியை வீட்டுக்குள் வைத்து ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் தூங்கும் குழந்தை தூக்கத்திலேயே போய்விடும். எட்டிப் பார்த்து அறிய முடியாத எதிரி அது.

சில நிமிடம் மெதுவாக ஓடியபின், தோட்டத்துத் திடலில் மெல்லச் செலுத்தி இரண்டு பிரேக்கையும் தனித்தனியே சோதியுங்கள். பெருஞ்சாலைக்கு ஏறுமுன் காப்புறுதியும் சாலை வரியும் நடப்பில் உள்ளனவா என்று பாருங்கள். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி காப்புறுதி இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டுவது குற்றம். அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். வழியில் யார்மீதாவது மோதிவிட்டால், அந்தக் குடும்பத்தின் துயரத்தையும் இழப்பீட்டையும் நாம் ஒருவரே சுமக்க நேரிடும். தலைக்கவசத்தையும் மறக்க வேண்டாம். வண்டியோடு அதுவும் நின்றிருந்ததல்லவா? உள்ளே பஞ்சு உதிர்ந்து, வார் இற்றுப் போயிருந்தால் புதியது வாங்குங்கள்.

கடைசியாக, வண்டியை நிறுத்தி வைக்கத்தான் வேண்டும் என்றால் அதை எப்படிச் செய்வது? எண்ணெயை மாற்றுங்கள். டாங்கியை நிரப்புங்கள், காற்றுக்கு இடமில்லையேல் ஈரத்திற்கும் இடமில்லை. பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, எஞ்சின் தானே அணையும்வரை ஓடவிடுங்கள், கிண்ணம் வறண்டுவிடும். பேட்டரியைக் கழற்றி, மாதம் ஒருமுறை மின்சாரம் ஏற்றுங்கள். இருகால் தாங்கியில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் தாள் போட்டு இறுக மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும்; பழைய போர்வையால் மூடினால் போதும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிடுவது போதும் என்பார்கள், அது போதாது. எஞ்சின் நன்கு சூடேறாததால் ஈரம் உள்ளேயே படியும். ஓட்டத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், இரு வாரத்துக்கு ஒருமுறை கால்மணி நேரமாவது ஓட்டி வருவதே சிறந்தது.

நேயர்களே, இன்று சொன்னவற்றைப் பிள்ளைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, நீர் ஏன் படிகிறது, எண்ணெய் ஏன் மிதக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படிப்பதெல்லாம் வாசலில் நிற்கும் இந்த வண்டியிலும் இருக்கிறது. தந்தை ஸ்பானரைப் பிடிக்க, மகளோ மகனோ குறிப்பேட்டைப் பார்த்து அடுத்தது என்ன என்று படிக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அதற்குப் போதும். திங்கட்கிழமை விடியலில் பிரட்டுக்கும் பள்ளிக்கும் உரிய நேரத்தில் போய்ச் சேரலாம்.